ஆந்திரா முத்திரை போட்ட காகிதம்

ஓடவில்லை. நடக்கிறோம். ஓடினால் பிடித்துக்கொள்வார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். கொழும்பு. ஐம்பத்தெட்டாம் வருஷம், மே மாதம், திங்கட்கிழமை. காலை பத்தேகால். பின்னால் கண்ணாடி உடைகிறது. சளீர். மறுபடி சளீர். மூன்றாவது தமிழ்க் கடை. நான் எண்ணிக்கொண்டே நடக்கிறேன். எண்ணினால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

மாமா என்றால் என் வீட்டுக்காரர். அத்தை மகன். பதினாறு வயதில் புத்தூரில் ரயிலேறியவர். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் சமையல். சிங்களத்தை அந்த ஊர்க்காரர் போலவே பேசுவார். எனக்கு ஒரு சொல் தெரியாது. பொட்டை அழித்துவிட்டேன். தோட்டைக் கழற்றிவிட்டேன். வாயை என்ன செய்வது?

நான் அங்கே குடியிருக்கப் போனவள் அல்ல. பார்க்கப் போனவள். மூன்று மாத விசா. கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்திருந்தது, கூட்டிப் பார்த்தால், பதினோரு மாதம். அவரோடு தங்கிவிட அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தோம். அனுமதி வந்தால் இரண்டு பேரும் திருப்பதியில் முடி இறக்குவதாக வேண்டுதல்.

மனு ஏன் தாமதம்? சொல்கிறேன். முதலில் கொடுத்த ஊர்ச் சான்றில் 'சித்தூர் ஜில்லா, சென்னை மாநிலம்' என்று இருந்தது. ஐம்பத்து மூன்றில் ஆந்திரா பிரிந்தது. எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போனது. புத்தூரில் கூட்டம், கோஷம். தமிழோடு சேர வேண்டும் என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த வருஷம் மனு திரும்பி வந்தது. அப்படி ஓர் ஊர் சென்னை மாநிலத்தில் இல்லையாம்.

மாமா கடிதம் எழுதினார். "தூங்கி எழுந்து பார்த்தா மாமியார் ஊடு வேற ராஜ்ஜியத்துக்குப் பூட்ச்சு. நான் ஒண்ணும் பண்ணல ருக்கு, சத்தியமா." படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

சித்தூர் ஆபீசுக்கு மூன்று தரம் அலைந்தேன். கடைசியில் ஒரு குமாஸ்தா எழுதிக் கொடுத்தார். எல்லாம் தெலுங்கு.

"ஐயா, தமிழ்ல குடுங்க."

"இப்புடு இதி ஆந்த்ரா, அம்மா. தமிழ்ல எழுதினா எங்க தொரையே கையெழுத்துப் போட மாட்டாரு. வேணுமா வேணாமா?"

"ஆறு மாசமா இதுக்குத்தான வந்துகினு இருக்கேன். குடுங்க."

அந்தக் காகிதத்தைத் திட்டிக்கொண்டே வாங்கினேன். அதை வைத்து மறுபடி மனுப் போட்டோம். நகலை எப்போதும் ரவிக்கைக்குள் வைத்திருப்பேன். அன்றும் இருந்தது.

பத்தரை. தெரு முனையில் எட்டுப் பேர். கையில் தடி. ஒருவனிடம் சைக்கிள் செயின். மாமா பேசினார். அவரை விட்டார்கள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். எனக்குத் தெலுங்குதான் வந்தது. "நேனு ஆந்த்ரா. சித்தூரு." நான் ஆந்திரா, சித்தூர். காகிதத்தை எடுத்து நீட்டினேன். செயின்காரன் வாங்கினான். தலைகீழாகப் பிடித்தான். வட்ட வட்டமான எழுத்து. அவர்கள் எழுத்தும் வட்டம்தான். விரலால் தடவிப் பார்த்தான். சிரித்தான். திருப்பிக் கொடுத்தான்.

நடந்தோம். பன்னிரண்டு அடி. ஒன்றாகத்தான் நடந்தோம்.

எங்களுக்கு மேலே ஒரு மாடி எரிகிறது. நான் பார்க்கவில்லை. மடமடவென்று ஒரு சத்தம்.

"ருக்கு! குனி!"

தமிழ். தெரு முழுக்கக் கேட்கும்படி தமிழ். குனிந்தேன். உத்தரம் தலையில் விழவில்லை. இடது கையில் விழுந்தது. எழுந்து பார்க்கிறேன். எட்டுப் பேரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அவர் எனக்கு எதிர்த்திசையில் ஓடினார். அவர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். சந்து திரும்பும் இடத்தில் விழுந்தார். நான் கூப்பிடவில்லை. வாய் வரைக்கும் வந்தது. காகிதத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

ஒரு சிங்களக் கிழவி என் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். விறகுக் கொட்டகை. இரண்டு நாள். அப்பம் கொடுத்தாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்கு மொழி இல்லை. பிறகு ஆஸ்பத்திரி. அவர் உடலை எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கப்பல். தூத்துக்குடி. அரக்கோணம். புத்தூர்.

கை கோணலாகக் கூடியிருந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ புத்தூருக்கு ஜனங்கள் வருவார்கள். நான் உள்ளூர்க்காரி, வரிசையில் உட்கார்ந்தேன். கட்டுப் போடுகிறவர் தொட்டுப் பார்த்தார்.

"தப்பாக் கூடிப்போச்சும்மா. மறுபடி ஒடச்சித்தான் வெக்கணும். கத்தறதுன்னா கத்திக்கோ. இங்க கத்தாதவங்க யாரு?"

மடக் என்றது. "மாமா!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் வெளியே ரோட்டில் போன மாட்டு வண்டி நின்றுவிட்டது என்றார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் கத்தியிருக்க வேண்டியது. இத்தனை நாள் கழித்து, எல்லாரும் தமிழும் தெலுங்கும் பேசுகிற இடத்தில் கத்தினேன்.

தை மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் மனு பரிசீலனையில் இருக்கிறதாம். எல்லைக் கிராமங்கள் சில கைமாறப் போவதாகத் தெரிகிறதாம். என் ஊர் எந்த மாநிலத்தில் நிற்கும் என்று உறுதி செய்து அனுப்ப வேண்டுமாம்.

பதில் போடவில்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். ஒரு தகரப் பெட்டி. அதற்குள் மூன்று புடவை, என் பாஸ்போர்ட், அவர் எழுதிய கடிதங்கள். ஒரு பித்தளைத் தூக்கு. இரண்டு தோடு. இடது கையில் தலைக்கு மேலே தூக்கும் பலம். பெயர் கேட்காத ஒரு கிழவி. ஓர் ஆள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்: முனிரத்தினம். வயது முப்பத்து நான்கு.

மிஞ்சியவை இரண்டு. பல் பதிந்த காகிதம் ஒன்று. இன்னொன்று என் தலைமுடி. திருப்பதி போய் இறக்கிவிட்டு வந்துவிடு, மனசு ஆறும் என்கிறார்கள். அனுமதி வந்தால் என்றுதான் வேண்டிக்கொண்டோம். இன்னும் வரவில்லை.