கயிற்றின் கடைசி ஆள்

கிட்ட வந்து உக்காருங்க. நடுவுல எவனும் பாத்ரூம் போகணும்னு எழுந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

விடியக்காலை நாலு மணி. ஆத்தங்கரை மேட்டு ரோடு. ஈ காக்கா இல்ல... என் ஃப்ரெண்டோட சித்தப்பா பையனுக்கு நடந்தது இது. காலேஜ்ல கயிறு இழுக்கிற டீம். வரிசையில கடைசியா, கயித்தை உடம்புல சுத்திக்கிட்டு நிக்கிற ஆள். பட்டப்பேரு நங்கூரம்.

வெள்ளம் வடிஞ்சும் மைதானம் முழுக்கச் சேறு. அதனால ரோட்டுல பிராக்டிஸ். எட்டுப் பேருல ஏழு பேர்தான் மிச்சம். போனவன் பேரு அட்டை. பிடிச்சா விடமாட்டான், அதான் அந்தப் பேரு.

வெள்ளத்துல ஹாஸ்டல் மாடியிலேர்ந்து தவறி விழுந்துட்டான். கயித்தை வீசினாங்க, பிடிச்சுக்கிட்டான். ஏழு பேரும் இழுத்தாங்க. தண்ணி இழுத்த இழுப்புல கயிறு நங்கூரத்தோட விலாவை நெரிச்சுது. பயந்துட்டான். நல்ல இருட்டு, கடைசி ஆளை யாரு பாக்கப் போறா? சத்தமில்லாம கழட்டி விட்டுட்டான்.

முன்னால நின்ன ஆறு பேருக்கும் உள்ளங்கைத் தோல் உரிஞ்சு போச்சு. தங்களோட கைதான் வழுக்கிடுச்சுன்னு அழுதாங்க. அட்டையோட அம்மா வந்து அந்த ஆறு பேருக்கும் வாய் ஓயாம சாபம் விட்டாங்க. நங்கூரம்தான் அந்தம்மாவைத் தாங்கிப் பிடிச்சு வண்டி ஏத்தினான். என்ன மனசு பாருங்க!

சரி... அன்னிக்கு கல்லு நிரப்பின லாரி டயரைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டிருந்தாங்க. டயர் அசையவே இல்ல. திடீர்னு... சர்ர்ர்னு நகருது.

"அப்படித்தான்டா நங்கூரம்! பழைய பலம் வந்துடுச்சு!"னு கோச் கத்தறாரு.

நங்கூரம் இழுக்கவே இல்ல. அவனுக்குப் பின்னால தரையில கிடக்க வேண்டிய கயித்து வால்... விறைப்பா நிக்குது. ஆத்துப் பக்கமா. நனைஞ்சிருக்கு. அழுகின சேத்து நாத்தம். உடம்புல சுத்தின கயிறு இறுகுது, இறுகுது... கழட்டப் பாக்கறான், வரல. குதிகால் ரோட்டைத் தேய்ச்சுக்கிட்டுப் பின்னால போகுது.

"டேய், பிடிங்கடா!"

ஆறு பேரும் பிடிச்சாங்க. நல்ல பசங்க. உயிரைக் குடுத்துப் பிடிச்சாங்க.

அப்பத்தான் நங்கூரத்தோட விலா எலும்பு ஒண்ணு மடக்குனு ஒடிஞ்சுது. வாய் உளறிடுச்சு. "அட்டை... நான்தான்டா விட்டேன்! பயத்துல விட்டுட்டேன்டா! இவனுங்க யாரும் விடலடா!"



முதல் ஆள் கையைத் திறந்தான். அப்புறம் அடுத்தவன். ஆறு பேரும். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.

கயிறு போச்சு. அவனும் போனான். அந்த டயர் ஆறு பேரையும் உரசிக்கிட்டு மேட்டைத் தாண்டிப் போச்சு. தண்ணியில விழுந்த சத்தம்... கேக்கவே இல்ல.

கோச் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. என்ன பேசறோம்னே தெரியாம முனகினாரு: "இப்ப... ரெண்டு ஆளு தேடணுமேடா..."

வரிசைக்குப் பின்னால, கடைசி ஆள் நிக்கிற இடத்துலேர்ந்து குரல் வந்துச்சு.

"ஒருத்தன் போதும் சார்."