தோள்மூட்டு மட்டும்

ஓம் அண்ணை, நான்தான் சொன்னனான். பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வைச்சு, நாலு பேருக்கு முன்னால, கிருபானந்தன் அண்ணை என்ர காலைக் கெடுத்துப்போட்டார் எண்டு சொன்னனான். உங்களிட்டக் கொண்டுவந்து சேர்த்த ஆள் ஆரெண்டும் தெரியும். சேர்க்கட்டும். இந்தச் செலீன் ஆளுக்குப் பின்னால மட்டும் கதைக்கிறவள் இல்லை, அதுதான் முன்னாலயும் வந்து நிக்கிறன்.

இருக்கச் சொல்லாதேங்கோ. அந்தக் கதிரை நல்லாப் பதிஞ்சு கிடக்கு, இருந்தா எழும்ப ஏலாது. இப்பிடிச் சுவரோட சாஞ்சு நிக்கிறன். உங்கட வீட்டு வெளிப்படி பதினெட்டு, எண்ணிப் பாத்திருக்கிறியளோ? வளைஞ்சு ஏறுற இரும்புப்படி, அதில ஐஸும். ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேர்த்து வைச்சு, கம்பியைப் பிடிச்சு, நடை பழகுற பிள்ளை மாதிரி ஏறினனான். இந்த செயின்ட்-மிஷேல் முழுக்கத் தேடி உங்களுக்கு ஒரு கீழ்வீடு அம்பிடேல்லை என?

தேத்தண்ணியும் வேண்டாம். உங்கட மனுசியைப் பேசாம இருக்கச் சொல்லுங்கோ.

நீங்கள் என்ன சொல்லப்போறியள் எண்டு தெரியும். இஞ்சை பாதிச் சனத்துக்கு நான்தான் படிவம் நிரப்பினனான், நான்தான் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சனான், முப்பது வருசத்தில ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை எண்டு. ஓம், சொன்னதில்லை. இப்ப நான் சொல்லுறன்.

செயின்ட்-லோரன்ட்ல இருக்கிற பக்டரியில ஈர நிலத்தில நான் தள்ளுவண்டியோட விழுந்தது மார்ச் மாசம். வலது தோள்மூட்டும் அடிபட்டது, வலது முழங்காலும் அடிபட்டது. ஒரே விழுகை. அடுத்தநாள் எனக்குப் பிரெஞ்சு ஓடாது எண்டு நீங்கள்தானே டொக்டரிட்டக் கூட வந்தனீங்கள்? அந்த மனுசன் கடதாசியில என்ன எழுதினவர்? தோள்மூட்டு. அவ்வளவுதான். அந்தக் கடதாசிதான் வேலைக்காயம் பாக்கிற கந்தோருக்குப் போனது. அவங்களும் தோள்மூட்டுக்குக் கிழமைக்கு மூண்டு தரம் பிசியோ தந்தாங்கள். முழங்கால் எண்டு ஒண்டு என்னட்ட இருக்கிறது அந்தக் கந்தோருக்குத் தெரியாது.

பொறுங்கோ, நான் முடிக்கிறன்.

பிசியோவில ஒரு வெள்ளைப் பிள்ளை. நல்ல பிள்ளை. என்னைக் கட்டில்ல கிடத்தி, கையைத் தூக்கு, மடக்கு, நீட்டு எண்டும். அதின்ர கைக்கும் என்ர முழங்காலுக்கும் ரெண்டடி இடைவெளி. கால் பானை மாதிரி வீங்கிப்போய்க் கிடக்கு, அதுவும் பாக்குது. ஒருநாள் நானே அதின்ர கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் முழங்காலில வைச்சனான். எடுத்துப்போட்டுது. கடதாசியில எபோல் எண்டுதான் இருக்காம், தோள்மூட்டு மட்டுமாம். மற்றதைத் தொட்டா கந்தோர் ஏற்காதாம். சொல்லேக்கை அதுக்குக் கண் கலங்கினது. எனக்கு அந்தக் கண்ணீரால என்ன பிரயோசனம்?

அரசாங்கம் தந்த மெடிக்கெயர் கார்ட்டைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். போனனான். அங்கையும் பிசியோ இருக்கு, வரிசை ஒண்டரை வருசமாம். அதோட, வேலையில விழுந்ததெண்டா அது கந்தோரின்ர பொறுப்பு எண்டு அங்கை ஒருத்தி சொல்லுறாள். கந்தோருக்கு எடுத்தா, முழங்கால் எங்கட பொறுப்பில்லை, ஆஸ்பத்திரிக்குப் போ எண்டுறாங்கள். ஒரு மனுசியைத் துண்டு துண்டாப் பிரிச்சு, இது உனக்கு, அது எனக்கு எண்டு இழுபடுறாங்கள். அதில முழங்காலை எடுக்க ஒருத்தரும் இல்லை.

இல்லை, சும்மா இருக்கேல்லை. நாலு மாசம் கழிச்சு டொக்டரிட்டச் சொன்னனான், இந்தமுறை என்ர மகள் அஜிதாவைக் கூட்டிக்கொண்டு போய். அவர் எழுதித் தந்தவர். கந்தோரிலயிருந்து பதில் வந்தது: முதல்நாள் கடதாசியில இல்லையாம், அந்த விழுகையால வந்ததெண்டு நம்ப ஏலாதாம், வயசால வந்த நோவா இருக்கலாமாம். இப்ப தோள் சுகமாகிட்டுதாம். இன்னும் மூண்டு கிழமையில வேலைக்குப் போகட்டாம். எட்டு மணித்தியாலம் நிண்டு செய்யிற வேலை, அண்ணை. இந்தக் காலோட. போகாட்டி வேலை இல்லை.

என்னத்துக்கு நிலத்தைப் பாக்கிறியள்? என்ர மூஞ்சையைப் பாருங்கோ.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தொண்ணூற்றெட்டில என்ர அகதி விசாரணை. நான் மூண்டையும் சொன்னனான். வீட்டில ஷெல் விழுந்தது, என்னை ஆமி முகாமில வைச்சிருந்தது, தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனது. மூண்டும் உண்மை. தேதியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒண்டோடொண்டு பொருந்தேல்லை, இவள் பொய்க்காரி எண்டு தள்ளிவிட்டாங்கள். பேந்து திருப்பி விசாரிக்கேக்கை நீங்கள்தான் என்னை இருத்திச் சொல்லித் தந்தனீங்கள். ஒரு காயத்தைக் காட்டு பிள்ளை, மற்றதை மூடு, கனக்கச் சொன்னா இவங்கள் ஒண்டையும் நம்பமாட்டாங்கள் எண்டு. நான் முகாமை மட்டும் சொன்னனான். தம்பியின்ர பேரை அங்கை எடுக்கவே இல்லை. ஏற்றுக்கொண்டாங்கள். இருபத்தைஞ்சு வருசமா அந்தப் புத்தியோடதான் இந்த நாட்டில இருக்கிறன். எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஒண்டைத்தான் சொல்லுறது.

ஓம். கேட்டனீங்கள். நான் இல்லை எண்டு சொல்லேல்லையே. அண்டைக்கு டொக்டர் வேற எங்கயும் நோகுதோ எண்டு கேக்க, நீங்கள் என்ர பக்கம் திரும்பி, முழங்காலையும் சொல்லட்டோ எண்டு கேட்டனீங்கள். ரெண்டு தரம் கேட்டனீங்கள். நான்தான் வேண்டாம் எண்டு தடுத்தனான், ரெண்டு இடத்தைக் காட்டினா நடிக்கிறாள் எண்டுவாங்கள் எண்டு. எனக்கு எல்லாம் வடிவா ஞாபகம் இருக்கு. அஜிதாவுக்குத்தான் அது தெரியாது. கோயில் சனத்துக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சட்டத்தரணிப் பொம்பிளையிட்டப் போனனாங்கள். காயப்பட்ட ஆளே மறைச்சிருந்தா ஒண்டும் செய்ய ஏலாதாம். மொழிபெயர்க்கப் போன ஆள் சொல்ல மறந்திருந்தா, அவர் ஒரு கடிதம் தந்தா, திருப்பிக் கேக்கலாமாம். அந்தக் கடிதம் இதுதான். அஜிதா பிரெஞ்சில அடிச்சவள். செலீன் முழங்காலையும் சொன்னவ, நான் டொக்டரிட்டச் சொல்ல மறந்துபோனன், பிழை என்ர எண்டு இருக்கு. உங்கட பேர் கீழ இருக்கு.

தெரியும் அண்ணை. இனி உங்களை ஒருத்தரும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாயினம். அது தெரிஞ்சுதான் வாசல்ல நிண்டு சொன்னனான், கந்தோரால ஆரும் விசாரிச்சு வந்தா ஊரே ஒரே கதையைச் சொல்லவேணும் எண்டு. இஞ்சை வந்து இருக்கிறதுக்காக என்ர தம்பி ஒருத்தன் இருந்ததையே மறைச்சவள் நான். உங்கட நல்ல பேரைக் கெடுக்கிறது எனக்கு என்ன பெரிய வேலையே? இந்தாங்கோ பேனை. கெதியாக் கையெழுத்தைப் போடுங்கோ, பிள்ளை கீழ காரில நிக்கிறாள்.