மூணு புள்ளி எட்டு

இல்லம்மா, தண்ணி குடிச்சுட்டு வரச் சொல்றது வயித்து மேல பாக்குற ஸ்கேனுக்கு. இப்ப பாக்கப்போறது கர்ப்பப்பை வாயோட நீளம். பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்கல்ல, அது போதும். ஏறிப் படுங்க.

ஐயோ, ஏன் இறங்குறீங்க? டாக்டர் சொல்லலையா, உள்ள வச்சுப் பாப்பாங்கன்னு? அவங்க சீட்டுல ஒரு கிறுக்கு கிறுக்கி அனுப்பிடுவாங்க. விளக்கம் சொல்றதும் திட்டு வாங்குறதும் ஸ்கேன் எடுக்குற நான்தான். பாருங்க, இந்தக் குழாய் என் விரல் தடிமன்தான் இருக்கும். ரெண்டே நிமிஷம். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.

வலி எதுவும் இல்லையா? அதான் வம்பே. நீளம் குறையறது நமக்குத் தெரியவே தெரியாது. நல்லா நடப்போம், சாப்பிடுவோம், திடீர்னு அஞ்சாம் மாசமே பிரசவ வலி வந்து நிக்கும். இப்பவே தெரிஞ்சா மருந்து இருக்கு, தேவைன்னா ஒரு தையல். நிறைய பேருக்கு அதுலயே தாங்கியிருக்கு.

வெளிய யாரு, நாத்தனாரா? உள்ள வரமாட்டாங்க, தாழ்ப்பாள் போட்டிருக்கேன். கூட வர ஆள் இருக்கே, கொடுத்து வச்சவங்க. எனக்குப் பேச்சுத்துணை இந்தக் கட்டில்ல படுக்குறவங்கதான். வீட்ல வீட்டுக்காரர் இருக்கார், டிவி இருக்கு. ரெண்டுல டிவிதான் பேசும். குழந்தை பிறந்ததும் தூக்கிட்டு வந்து காட்டுறேன்னு எல்லாரும் சொல்லிட்டுத்தான் போறாங்க. ஒருத்தரும் வந்ததில்ல.

என்னது? பாத்தாச்சு, நல்லா இருக்குன்னு எழுதிடவா?

எழுதலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஒரு தடவ எழுதியிருக்கேன். நான் மாசமா இருந்தப்ப, எனக்கேதான். பக்கத்து ரூம்ல ஸ்கேன் எடுக்குற அக்கா, வாடி படுன்னாங்க. தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறவங்க முன்னாடி எப்படிம்மா படுக்குறது? கூச்சம் பிடுங்கித் தின்னுடுச்சு. அவங்க டீ குடிக்கப் போன நேரம் பாத்து, என் சீட்டுல நானே நீளம் மூணு புள்ளி எட்டு சென்டிமீட்டர்னு எழுதிக்கிட்டேன். எந்த நம்பரப் பாத்தா டாக்டர் மறுகேள்வி கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?

இருபத்திமூணாவது வாரம். பொண்ணு. ஒரு மணி நேரம் இருந்தா.

பாத்திருந்தா தாங்கியிருக்குமான்னு தெரியல. பாக்கலையே. எல்லாம் சரியாத்தானே இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் கேப்பார். நான் எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். அவருக்குக்கூட தெரியாது, உங்ககிட்டதான் சொல்றேன்.

ம், அப்படித்தான். முழங்கால மடக்கிக்கோங்க. கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்.