மெரூன் கலர் ஜாக்கெட்

மஸ்கெலியா பஸ்ஸில் கண்டக்டர், முன் சீட்டில் ஒரு பொண்ணு, பக்கத்தில் அவள் புருஷன், பின்னால் நான்.

புருஷன் பையிலிருந்து தோல் ஜாக்கெட்டை எடுத்தான். பைக் ஓட்டுறவங்க போடுறது.

"ஜாக்கெட் எடுக்கவான்னு போன்ல கேட்டீங்களே! கல்யாணத்துக்குக் கட்டுற சாரிக்குப் போட, எனக்குன்னு நெனச்சில்ல மெரூன் சொன்னேன்."

"மெரூன்தானே எடுத்திருக்கேன்."

"முழங்கை வெளுத்துக் கெடக்கு."

"புதுசுதான். பழசு மாதிரி செஞ்சிருக்கான். அதான் ஸ்டைலு."

"ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு நான் என்னத்தப் போட?"

கண்டக்டர் சொன்னார், "இதையே போடு தங்கச்சி."

அவள் முறைத்தாள். பிறகு போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கதகதன்னு இருக்குங்க. உள்ள பழைய ஜாக்கெட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப எனக்கு?"

"நீங்க பைக்க ஓட்டுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவள் பாக்கெட்டுகளைத் தடவித் தடவி எண்ணினாள்.

ஆறு.