நாடி பிடித்த விரல்

உள்ள வா, ஏன் கண்ணாடிக் கதவப் பிடிச்சுக்கிட்டே நிக்குற? ஏசி வெளிய போகுதுன்னு கடைக்காரர் மொறைக்கிறாரு பாரு. இப்படி உக்காரு. நீ வருவேன்னே நான் நெனைக்கல. நேத்து போன்ல நான் பேசினதுக்கெல்லாம் ம், ம்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டியா, சரி, இவ வர மாட்டா, நாமளே வாங்கி டிரைவிங் ஸ்கூல்ல குடுத்துட்டுப் போயிடுவோம்னுதான் கெளம்பி வந்தேன். வந்துட்ட. நல்லது.

போன்ல சொன்னதுதான். அவருக்கு ஒரு வாட்ச் வாங்கணும். மணி பாக்குற வாட்ச் இல்ல, நெஞ்சு துடிக்கிறதப் பாக்குற வாட்ச். நீயும் அதே ஸ்கூல்ல வண்டி கத்துக் குடுக்குறவ, நாள் பூரா அவரு உன் கண்ணு முன்னாடிதான் இருக்காரு. இது எப்படி வேல செய்யுதுன்னு உனக்கும் தெரியணும்ல.

அவருக்கு நெஞ்சு துடிப்பு தப்புறது தெரியுமா உனக்கு? தலையாட்டுற. எவ்வளவு தெரியும்? சும்மா கொஞ்சம் படபடப்புன்னு சொல்லியிருப்பாரு. அதானே? நெனச்சேன். ஊருக்கெல்லாம் சிக்னல் பாத்து ஓட்டுங்கன்னு கத்துற மனுஷன், சொந்த நெஞ்சு சிக்னல் போட்டா மட்டும் கண்டுக்கவே மாட்டாரு. படபடப்பெல்லாம் இல்லம்மா. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு துடிப்பு காணாமப் போகும், அப்புறம் ரெண்டு மூணு ஒண்ணா அடிச்சுப் பிடிச்சு ஓடி வரும். புதுசா கிளட்ச் விடுறவன்கிட்ட மாட்டுன வண்டி மாதிரின்னு அவரே சொல்லுவாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாரு. வலிக்காது, அதான் மோசம். அப்படித் தாறுமாறா ஓடும்போது உள்ள ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடலாமாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. இவரு அந்தப் படத்தப் பாக்காம செவுத்துல இருந்த ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

இந்தா, கடைக்காரர் மூணு வாட்ச எடுத்து வச்சிருக்காரு. இந்தக் கறுப்பு இருக்கே, இத மொதல்ல தள்ளி வை. பிரஷர் பாக்குமாம், நடந்தா எண்ணுமாம், மழை வருமான்னு சொல்லுமாம். எனக்கு என்னமோ நம்பிக்க வரல. நீ வர்றதுக்கு முன்னாடி, அங்க கை தொடைக்கிற காகித உருளை இருக்கு பாரு, அதுல கட்டிப் பாத்தேன். எழுபத்தி ரெண்டுன்னு காட்டுது. காகிதத்துக்கு நெஞ்சு நல்லா இருக்காம். கடைக்காரர் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.

இந்த ரெண்டாவது நல்ல வாட்ச்சுதான். இன்னொரு கை வெரல இந்தப் பட்டன் மேல அரை நிமிஷம் வச்சிருந்தா, ஆஸ்பத்திரில எடுப்பாங்களே அந்தக் கோடு, அது அப்படியே போன்ல வந்து விழுது. டாக்டரம்மாவுக்கு அனுப்பிடலாம். ஆனா தினமும் சார்ஜ் போடணும். அவரா? அவரு போன்ல என்னைக்காவது பேட்டரி செவப்பு இல்லாமப் பாத்திருக்கியா? அதனால இந்த மூணாவது. இதுலயும் கோடு வருது, சார்ஜு ஒரு வாரம் நிக்குமாம். கொஞ்சம் தடியா இருக்கு. இருக்கட்டும், அவரு கையும் தடிதானே.

வாருதான் யோசிக்கணும். ரப்பர் ஆகாது, ரெண்டே நாள்ல செவந்து போகும், சொரிஞ்சுக்கிட்டே இருப்பாரு, அப்புறம் அதையே சாக்கா வச்சுக் கழட்டிடுவாரு. துணி வாரு கேளு. எடது கையிலதான் கட்டணும். வலது கையக் கன்னத்துக்கு அடியில வச்சுத்தான் தூங்குவாரு, வாட்ச் இருந்தா கன்னத்துல அச்சு விழுந்துடும். காலைல எழுந்து கண்ணாடியப் பாத்துட்டு, தூக்கி வீசிடுவாரு.

நீ ஒண்ணும் கேக்கலதான். நானாத்தான் சொல்லுறேன். கேட்டுக்கோ.

மக போன வருஷம் ஒண்ணு வாங்கி அனுப்பினா. பொட்டியப் பிரிச்சாரு, அழகா இருக்குன்னாரு, டிராயர்ல வச்சாரு. இன்னும் அங்கதான் இருக்கு, அது யாரு நெஞ்சப் பாத்துக்கிட்டு இருக்கோ. அதனால, இத நான் வாங்குனதுன்னு சொல்லாத. நீ வாங்குனேன்னு சொல்லு. நீ சொன்னா கட்டிக்குவாரு. நாங்க சொன்னா அது பேரு நச்சரிப்பு.

மாத்திரை காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. போட்டாச்சுன்னு சொன்னா நம்பாத, அட்டையப் பாரு. காபி ஒருவேளைக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாயந்தரம் வெளிய இன்னொண்ணு குடிக்கிறாருன்னு எனக்குத் தெரியும். உன்கூடத்தான்னும் தெரியும். சரி விடு, அதுக்கு இப்ப நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மூச்சு வாங்குதான்னு கேட்டா இல்லம்பாரு. நீ வாயப் பாக்காத, காலப் பாரு. பிரேக் மாஸ்டர்னு உங்க ஸ்கூல் பசங்க பேரு வச்சது சும்மாவா? வீட்டுல டிவி பாக்கும்போது கூட, எவனாவது காரு வேகமா ஓட்டினாப் போதும், இவரு கால் சோபாவுக்கு முன்னாடி தரைய அமுக்கும். நாங்க சிரிப்போம். உடம்பு சரியில்லாதப்போ மட்டும் கால் சும்மா இருக்கும். எவன் எங்க போய் மோதினாலும் அசையாது. அப்படிப் பாத்தா உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுடணும்.

அப்ப இத்தன வருஷமா வாட்ச் இல்லாம நான் எப்படி சமாளிச்சேன்னு பாக்குறியா? எல்லாம் இந்த வெரலுதான். நான் தையல் கம்பெனில பட்டன் தைக்கிறவ. ஊசி குத்திக் குத்தி வெரல் மரத்துப் போயிருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவரு நாடி மட்டும் நல்லாத் தெரியும். காலைல ஒரு கையில காபி வச்சிருப்பாரு, இன்னொரு கைய என் பக்கம் நீட்டுவாரு. நான் கேக்கவே வேண்டாம். பேப்பர்ல இருந்து கண்ணையும் எடுக்க மாட்டாரு. நான் அடுப்ப அணைச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்து வெரல வைப்பேன். ஒரு நிமிஷந்தான். நாங்க சண்ட போட்டுக்கிட்டு மூஞ்சி குடுத்துப் பேசாத நாள்ல கூட, கை மட்டும் வந்துடும். எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நெசமாத்தான் சொல்லுறேன், நாள் பூரா அந்த ஒரு நிமிஷம் போதும்னு இருந்துச்சு.

என்னங்க? ஆமாங்க, இந்த மூணாவதுதான். துணி வாரு போட்டுடுங்க. போன்ல ஏத்தணுமா, ஏத்துங்க. வயசு? அம்பத்தி நாலு. எடையா? அது எதுக்கு, சரி, எழுபத்தி எட்டுன்னு போடுங்க, கொஞ்சம் கொறச்சுத்தான் சொல்லுறேன். துடிப்பு தப்பினா யாருக்குச் சேதி போகணுமா? இல்லங்க, என் நம்பர் வேண்டாம்.

உன் நம்பரச் சொல்லும்மா.

என்ன அப்படிப் பாக்குற? கடைக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு, சொல்லு. ஞாயித்துக்கெழம அவரு பெட்டி உன் வீட்டுக்கு வருதுல்ல? அப்புறம் ராத்திரில என் போன் அடிச்சா நான் என்ன பண்ணுறது? உன் வீட்டுக் கதவ வந்து தட்டவா?

அழாத. கடைக்காரர் பாக்குறாரு. அழ வேண்டியவளே அழாம உக்காந்திருக்கேன், நீ என்னத்துக்கு? உன்ன இழுத்து வச்சு நாலு வார்த்த கேக்கணும்னு எனக்கு இல்லாம இல்ல. கேக்கத்தான் போறேன், வேற ஒரு நாள். இன்னைக்கு வாட்ச் வாங்க வந்தோம். நம்பரச் சொல்லு. ம். நிதானமாச் சொல்லு, கடைசி ரெண்டு எண்ணத் திரும்பச் சொல்லு. போட்டாச்சாங்க? நல்லது.

போன வாரம்தான் சொன்னாரு. காலைல, எப்பவும் போல கைய நீட்டிட்டு. பேப்பர் இல்ல அன்னைக்கு, என்னப் பாத்தாரு. வெரல் நாடி மேல இருக்கும்போதே உன் பேரச் சொன்னாரு. இனிமே அங்கதான்னாரு. நான் கைய எடுக்கல. எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏன்னா மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசினா அவருக்குத் துடிப்பு தப்பிடும், அது எனக்குத் தெரியும். ஆறேழு மாசமாவே தப்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் நோவு முத்திப் போச்சுன்னு பயந்து, டாக்டரம்மாகிட்ட மாத்திரைய மாத்திக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பைத்தியக்காரி. அதனால இப்பத் தப்பும், இப்பத் தப்பும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தப்பினா, போங்க, உங்களுக்கே மனசு இல்ல, சும்மா பேசுறீங்கன்னு சொல்லி உக்கார வச்சிருப்பேன்.

தப்பவே இல்லம்மா. ஒண்ணு கூடத் தப்பல. அவ்வளவு ஒழுங்கா ஓடி நான் பாத்ததே இல்ல. இத்தன வருஷம் நான் பக்கத்துல உக்காந்து எதக் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேனோ, அத அன்னைக்குத்தான் கேட்டேன். அப்புறம் நான் எதச் சொல்லி நிறுத்துறது? கைய எடுத்துட்டு, நல்லா இருக்குங்கன்னு சொன்னேன். தெனமும் அதத்தான் சொல்லுவேன்.

சரி, பில் போடட்டும். அதுக்குள்ள இன்னொண்ணு. எத்தன நல்ல வாட்ச்சா இருந்தாலும் மெஷின்தானே, சார்ஜு போயிடுச்சுன்னா, தண்ணில விழுந்துட்டா நீ என்ன பண்ணுவ? கையால பாக்கத் தெரியணும். இந்தா, என் கையப் பிடி. பரவால்ல, பிடி, கடிச்சுட மாட்டேன். கட்டை வெரல் கூடாது, அதுல உன் துடிப்பே உனக்குக் கேக்கும். இந்த மூணு வெரல். கட்டை வெரலுக்கு நேரா கீழ, இந்தக் குழியில. அமுக்காத, சும்மா வை. அவருக்கும் இதே எடந்தான். கெடச்சுதா?

என்ன முழிக்கிற? ஓடுறதும் நிக்கிறதுமா இருக்கா?

எனக்கு நோவெல்லாம் ஒண்ணும் கெடையாது. அது என்னுது, அத நீ எண்ண வேண்டாம். எடம் தெரிஞ்சுச்சுல்ல? வெரல எடு.