ஹார்ன் அடித்தால் படுப்பவர்

எனக்கு ஹார்ன் சத்தம் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். ராஜபாளையத்தில் என் ஆலோசனை அறையை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அமைத்ததே அதனால்தான். வல்லரசு விஷயத்துக்கு வருவதற்கு முன் என் வேலையை விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றது எளிது.

விபத்தில் கால் முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மனம் முறிந்தால் எதைக் காட்டுவது? அதற்காகத்தான் உளவியலாளனான என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். இழப்பீட்டு வழக்குகளில் நான் சொன்ன சாட்சி இதுவரை பொய்த்ததில்லை.

வல்லரசுக்குச் சொந்த ஊர் சேத்தூர். பைக்கில் போனவரை ஒரு லாரி ஏர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து இடித்தது. எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் குப்புறப் படுத்துவிடுவார். இது ஆயுளுக்கும் மாறாது என்று கூண்டேறிச் சொன்னேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் லிங்கேஸ்வரன் நம்பாமல், செல்போனில் ஹார்ன் சத்தத்தை ஓடவிட்டார். வல்லரசு கோர்ட் தரையிலேயே படுத்துவிட்டார். நீதிபதி எழுந்து எட்டிப் பார்த்தார். ஒரு சாட்சியம் அவ்வளவு அழகாக நிரூபணமாகி நான் கண்டதில்லை. லிங்கேஸ்வரன் மட்டும், அடுத்த வாய்தாவில் இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டார்.

அதற்குள் வல்லரசு தன் மனைவி கல்பனாவோடு ஒரு பை சப்பட்டை மாம்பழம் கொண்டுவந்தார்.

“சார், நல்லாயிருச்சு. நேத்து லாரிக்காரன் அம்புட்டு ஹார்ன் அடிக்கான், நான் நின்னு திட்டிட்டுத்தான் வாரேன்.”

“சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா காய்கறிக்கு நடுவுல படுத்துக்கிடுவாரு சார்,” என்று கல்பனா சிரித்தார். “தக்காளிக்காரி, இவரையும் சேத்து எடை போடவா அக்கான்னு கேட்டா. இனிமே அந்தக் கேவலம் இல்ல.”

“ஜட்ஜ் ஐயா முன்னாடி இந்தத் தடவ நின்னு காட்டுதேன் சார்.”

நான் வாழ்த்தி அனுப்பினேன். மாம்பழம் நன்றாக இருந்தது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயம் எப்படிப் போகிறது? சத்தம் வருகிறது, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வருகிறது, அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. மனம் மெல்லச் சமாதானமாகிவிடுகிறது. அப்படியானால், சத்தத்துக்குப் பின் ஏதாவது நடந்தால் பயம் திரும்பி வரும். அவ்வளவுதான் சூத்திரம்.

என் காரில் ஏர் ஹார்ன் பொருத்தினேன். முதல் நாள் அவருக்குப் பின்னால் போய் அடித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை வீசினேன். “ஏலே, எவம்லே அது!” என்று நனைந்தபடி சிரித்தார். அடுத்து ஒரு கல். அன்றைக்கு அவர் முழங்கால் லேசாக மடங்கியது. எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரே நேரத்தில் போகக் கூடாது, மனம் தயாராகிவிடும். அதனால் ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மதியத்திலும் போவேன், நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு. இதிலுள்ள சிரமத்தை யாரும் நினைப்பதில்லை.

வாய்தாவுக்கு முந்தின நாள், பம்பரால் காலில் லேசாகத் தட்டலாம் என்று முடிவு செய்தேன். நிற்கிற மனிதரை முழங்காலுக்குக் கீழே மெதுவாகத் தொட்டால் ஒரு கீறல் மிஞ்சும், அவ்வளவுதான். சேத்தூரில் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஹார்ன் அடித்தேன். படுத்துவிட்டார்.

அவர் நிற்பார் என்றே கணக்குப் போட்டிருந்தேன். படுப்பார் என்று எழுதிக் கொடுத்தவனே நான்தான், ஆனாலும் அது எனக்குத் தோன்றவில்லை. கார் அவர்மேல் ஏறி இறங்கியது. நான் இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. ஆயுளுக்கும் மாறாது என்று நான் சொன்னதில் இம்மியும் பிசகவில்லை. இதை லிங்கேஸ்வரனிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

கல்பனா இப்போது ஹார்ன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். பாவம், அவரும் ஒரு வழக்குப் போட வேண்டும். நானே வந்து சாட்சி சொல்கிறேன். அவருக்கும் ஆயுளுக்கும் மாறாது. மாறாமல் நான் பார்த்துக்கொள்வேன்.