மேசைக்கு நாலாவது ஆள்

போக்கர் மூன்று பேர் ஆடினால் சுகமில்லை, ஐயா. ஆடக்கூடாது என்றில்லை. இரண்டு பேர்கூட ஆடலாம். ஆனால் மூன்று பேரில் ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால், மிச்சம் இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அது விளையாட்டாக இருக்காது, வழக்குப் பேசுவதுபோல் ஆகிவிடும். நாலு பேர் இருந்தால்தான் அது ஆட்டம். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்ததுதான். ஆகவே வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் முத்துலிங்கம். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாக இரண்டாவது கிளாக்கர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிந்துலைத் தபால் கந்தோரிலிருந்து வரும் பையைப் பிரித்து, அவரவர் கடிதத்தை அவரவரிடம் சேர்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. இதுவரை ஒரு கடிதத்தைக்கூட நான் தொலைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, துரைமார் கிளப்பில் சாமான் லிஸ்ட் எழுத ஆள் வேண்டும் என்று என்னை மூன்று நாள் அனுப்பினார்கள். பீங்கான்களை எண்ணிக்கொண்டே துரைமார் ஆடுவதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்குப் போக்கர் தெரிந்துவிட்டது. திரும்பி வந்து மூன்று பேரைப் பிடித்தேன்.

முதல் ஆள் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சோலைமலை. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். அது அவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் கண்டாக்கையா செல்லசாமி. மலையில் நூறு ஆளை மேய்க்கிறவர். மேசையில் இரண்டு ஜோடி வந்தாலே கை நடுங்கும். மூன்றாவது ஆள் லிந்துலையில் கடை வைத்திருக்கும் மஃறூப் நாநா. ஞாயிற்றுக்கிழமை பகல் தொழுகை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்துவிடுவார். காசு வைத்து ஆடமாட்டேன் என்று முதல் நாளே சொன்னார். பெரிய துரைக்கும் தோட்டத்தில் சூது ஆகாது. அதனால் நெருப்புக் குச்சி வைத்து ஆடினோம்.

ஐந்தாறு வாரம் நன்றாகப் போனது. பிறகு செல்லசாமிக்கு ஒரு ஞாயிறு கால் வலி. அடுத்த ஞாயிறு மஃறூப் நாநாவின் வீட்டுக்கு விருந்தாளிகள். நெருப்புக் குச்சிக்காக யாரும் மேடேறி வரமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் ஜக்பொட்டை ஏற்படுத்தினேன்.

பிஸ்கட் டின் ஒன்று. வாரம் ஒரு பொருளை ஒவ்வொருவரும் அதில் போட வேண்டும். நாலு ஆஸும் ஒரே கையில் வந்தவருக்கு டின் முழுவதும் சொந்தம். சட்டங்களை நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆஸ் நாலும் முதல் பங்கீட்டிலேயே வர வேண்டும். மாற்றி எடுத்த சீட்டு செல்லாது. மூன்று ஞாயிறு தொடர்ந்து வராதவருக்கு டின்னில் பாத்தியதை இல்லை. தோட்டத்தை விட்டுப் போகிறவர், போட்ட பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது.

நான் கணக்கில் கெட்டிக்காரன். ஞாயிறுக்கு இருபது ஆட்டம் என்று வைத்தால், அந்த நாலு ஆஸ் பதின்மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வரும். இதை யாரிடமும் மறைக்கவில்லை. மஃறூப் நாநாவுக்கு இந்தக் கணக்குத்தான் மிகவும் பிடித்தது.

"வெல்ற ஆள் இருந்தாத்தானே கிளாக்கர் அது சூது," என்றார். "இதுல யாரு வெல்லப் போறா? எனக்கு மனசுக்குச் சரிதான்."

மாஸ்டர் முதல் வாரமே தன் பேனாவைப் போட்டுவிட்டார். வாத்தியார் பரீட்சை பாஸ் பண்ணியதற்கு அவருடைய மாமனார் வாங்கிக் கொடுத்த பச்சை நிறப் பேனா. செல்லசாமி ஓடாத கைக்கடிகாரம் ஒன்றைப் போட்டார். மஃறூப் நாநா கடையிலிருந்து வாசனைச் சவர்க்காரம், டோர்ச் லைட், ஒரு தடவை ஜப்பான் குடை. நான் வாராவாரம் சவர பிளேடு போட்டேன். பிஸ்கட் டின் நிறைந்து, தேயிலைப் பெட்டிக்கு மாறினோம். அதற்குப் பிறகு யாருக்கும் கால் வலி வரவில்லை. மழை கொட்டினாலும் மூன்று மணிக்கு மேசையில் நாலு பேர் இருப்போம். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை, ஐயா. ஒரு தடவை செல்லசாமிக்கு மூன்று ஆஸ் வந்து, நாலாவது சீட்டைப் புரட்டப் பயந்து பத்து நிமிடம் சாமி கும்பிட்டார். புரட்டினால் ஏழு. மாஸ்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் விழுந்தார்.

ஒரு மேசையை நடத்துவது என்றால் சீட்டுப் போடுவது மட்டும் இல்லை. ஆட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பத்தைந்தில் செல்லசாமிக்குப் பூண்டுலோயாவில் ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பன் அங்கே பெரிய கங்காணி. மாப்பிள்ளை அங்கேயே வந்துவிட வேண்டும், வேலையும் பார்த்துத் தருகிறேன் என்றாராம். பையன் எப்படி என்று விசாரித்து எனக்குத்தான் கடிதம் எழுதினார். மூன்று பக்கம் புகழ்ந்து பதில் போட்டேன். நாணயம், உழைப்பு, குடிப்பழக்கம் இல்லை, எல்லாம் எழுதினேன். கடைசியில், குளிர் காலத்தில் மட்டும் கொஞ்சம் இழுப்பு உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஆடி மாதத்தில் இரண்டு நாள் அவர் இருமியது உண்மை. சம்பந்தம் நின்றுபோனது. செல்லசாமி இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறார். ஆட்டம் நன்றாகத் தேறிவிட்டது.

இனி மாஸ்டரின் விஷயம். நீங்கள் வந்ததும் அதற்குத்தான்.

அவர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டு ஆறு வருடமாகக் காத்திருந்தார். அது கிடைத்தால் வலப்பனைப் பக்கம் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் வேலை என்று யாரோ நம்பிக்கை கொடுத்திருந்தார்கள். சீட்டுப் போட்டுக்கொண்டே அதைச் சொன்னார். சொல்லும்போது காது சிவந்திருந்தது. கையில் நல்ல சீட்டு இருக்கிறதென்று எண்ணி நாங்கள் மூன்று பேரும் கவிழ்த்துவிட்டோம். பார்த்தால் ஒன்றுமில்லாத கை.

ஐம்பத்தேழு மார்ச்சில் பதிவுத் தபாலில் ஒரு நீளக் கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். போட்டேன். உங்கள் கையில் இருக்கும் ரசீதில் உள்ளது என் கையெழுத்துத்தான். நீங்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டாம். கேத்தல் ஆவியில் காட்டி, கிழியாமல் பிரித்தேன். பன்னிரண்டு நாளில் நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வர வேண்டும், பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துப் பதிவு எல்லாம் கொண்டுவர வேண்டும் என்றிருந்தது. மாஸ்டரிடம் எல்லாப் பத்திரங்களும் சரியாக இருந்தன. அடுக்கிக் கொடுத்தவனே நான்தான். அவர் போனால் கிடைத்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நான் அதைக் கிழிக்கவில்லை. மேசை லாச்சியில் வைத்தேன். திகதி போனதும் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். திகதி போன பிறகு கொடுப்பதில் அர்த்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

விசாரணைக்கு வராததால் விண்ணப்பம் தள்ளுபடி என்று நாலு மாதத்தில் இன்னொரு கடிதம் வந்தது. அதை அன்றைக்கே, நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் வாசித்துவிட்டு எழும்பாமல் இருந்தார். அவருடைய மனைவி பூரணி, எங்களுக்குக் கடிதமே வரலையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பீல் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டார்கள். தோட்டத்தில் என்னைப்போல் இங்கிலீஷ் எழுத வேறு ஆள் கிடையாது. நல்ல அப்பீல், ஐயா. நீதவான்கூடப் பாராட்டியிருப்பார். ஒவ்வொரு வசனத்தையும் செதுக்கினேன். செதுக்கி முடிப்பதற்குள் தவணை ஒன்பது நாள் கடந்துவிட்டது.

மாஸ்டர் அதற்காக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாடில்லாத ஆளாகப் போனார். ஆனால் ஞாயிறு தவறவில்லை. தள்ளுபடிக் கடிதம் வந்த அந்த வாரம்கூட வந்தார். அன்றைக்கு நாற்பது குச்சி வென்றார். நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆடினேன். நண்பன் மனம் நொந்திருக்கும்போது அப்படித்தானே செய்ய வேண்டும்.

ஏழு வருடம் நல்ல ஆட்டம். மகள் சண்முகவடிவு வளர்ந்தாள். தாதிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். எல்லாத் தகுதியும் இருக்கிறது, பிரஜாவுரிமை மட்டும் இல்லை என்று பதில் வந்தது. அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு நான்காக மடித்து வைத்தாள். அடுத்த வாரம் கொழுந்து பறிக்கப் பேர் கொடுத்தாள். வாத்தியார் மகள் கூடை தூக்கிக்கொண்டு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றாள். மாஸ்டருக்கு அன்றிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் காது சிவப்பதில்லை. ஆட்டத்துக்கு அது நல்லதுதான் என்றாலும், எனக்குச் சற்றுக் கஷ்டமாக இருந்தது.

இந்த வருடம் ஜனவரியில் அவர் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. தலவாக்கலையில் போய்த் தபால் போட்டிருக்கிறார். பாஸ்போட்டும் வேறு விலாசத்துக்கு வந்திருக்கிறது. ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து எழும்பும்போதுதான் சொன்னார். வியாழக்கிழமை ரயில், தலைமன்னார் வழியாகத் துறையூர். அவருடைய தகப்பன் பிறந்த ஊர். அவர் ஒரு நாளும் பார்க்காத ஊர்.

திங்கட்கிழமை பூரணி என் குவாட்டர்ஸுக்கு வந்தாள்.

"கிளாக்கரையா, அந்தப் பேனாவ மட்டும் குடுத்திடுங்க. எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. வேற ஒண்ணும் வேணாம்."

சுவரில் இருந்த நாலாவது சட்டத்தைக் காட்டினேன். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு சட்டம் எதற்கு. அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சரிங்க என்று போய்விட்டாள்.

அவள் போன பிறகு யோசித்தேன். மஃறூப் நாநா மாஸ்டர் இல்லாமல் மேடேற மாட்டார். புதிதாக வரும் வாத்தியார் சீட்டையே தொடாதவராம். மாஸ்டரை நிறுத்த ஒரே ஒரு வழிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் லாச்சியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூரணி எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். நான் கடிதத்தைக் கொடுத்து, நல்ல செய்தி என்று சொன்னேன். விசாரணைக்கு அழைப்பு வந்தது உண்மை, அது உங்கள் கைக்கு வரவில்லை, இதை வைத்து விஷயத்தைத் திரும்பத் திறக்கலாம், விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன், இந்தியாவுக்குப் போக வேண்டியதே இல்லை என்று விளக்கினேன்.

மாஸ்டர் இரண்டு தடவை வாசித்தார்.

"இது எப்பங்க வந்துச்சு?"

"விசாரணைக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு மாஸ்டர்." தபால் கந்தோர்க்காரர்கள்மேல் வீண்பழி வரக்கூடாது அல்லவா.

"ஒங்க கிட்டயா இருந்துச்சு?"

"எங்கிட்டதான். பத்திரமா வச்சிருந்தேன்."

"எதுக்குங்க கிளாக்கரையா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வகுப்பில் புரியாத பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்.

"நீங்க வலப்பனைக்குப் போயிருந்தா மேசைக்கு மூணு பேருதான் மாஸ்டர்."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஐயா. மாஸ்டர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். பூரணி எனக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த சண்முகவடிவு தலை நிமிராமலே பேசினாள்.

"அப்பா, அவர வெளிய போகச் சொல்லுங்க. ரயிலுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

வியாழக்கிழமை போய்விட்டார்கள். ரயில் ஏறுவதற்கு முன் மாஸ்டர் அந்தக் கடிதத்தைப் பொலிஸில் உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் நீங்கள் இன்று என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் எழுதிக்கொடுத்தது எல்லாம் சரி. கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்டேன், பிரித்தேன், கொடுக்கவில்லை. அப்பீலைத் தெரிந்தேதான் தாமதித்தேன். அவரை ஒரு பஸ் தூரம் போகவிடாமல் செய்யப் பார்த்தேன்; அவர் கடலைத் தாண்டிப் போய்விட்டார். கணக்கில் நான் விட்ட பிழை அது ஒன்றுதான். செல்லசாமி இப்போது வருவதில்லை. மஃறூப் நாநா கடையில் கேட்ட சாமானைக் கட்டித் தருகிறார், பேசுவதில்லை. துரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்.

மாஸ்டருடைய கோபம் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் மனம் அப்படி. போன மாதத்திலிருந்து துறையூர் விலாசத்துக்கு ஐந்து கடிதம் எழுதிவிட்டேன். நல்ல தமிழில், நிதானமாக, நடந்ததையெல்லாம் விளக்கி எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாத மனிதர் அல்ல அவர். அங்கே யாரோ என் கடிதங்களை அவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொருவருக்கு வந்த கடிதத்தை மறைத்து வைக்க மனிதர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ, ஐயா.